சுவத்துல ஓடின கை

முத்துப்பேச்சி கை வேகத்தைப் பத்தி பெருமாநல்லூர் ரோட்டுல எந்த பனியன் கம்பெனியில கேட்டாலும் சொல்லுவாங்க. ஓவர்லாக் மெஷின்ல கழுத்துப்பட்டி ஏத்துறது அவ வேலை. கேக்க சுலபமாத்தான் இருக்கும். பட்டியைக் கழுத்து வட்டத்துல வெச்சு ஒரு இழுப்பு இழுத்துச் சுத்தி விடணும். இழுப்பு கூடுனாச் சுருங்கிக்கும், குறைஞ்சாத் தொங்கிரும். அப்புறம் மொத்தச் சரக்கும் அமெரிக்காவுல இருந்து திரும்பி வந்து நம்ம தலையிலயே உக்காந்துக்கும். உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து கல்யாணமான புதுசுல வந்து, துணி மடிச்சுக் குடுக்கிற வேலைக்கு நின்னவ அவ. இப்ப அவ மகளே காலேஜுக்குப் போறா. அத்தனை வருசமும் ஒரே கம்பெனி, ஒரே மொதலாளி.

ஆனா அந்த வேகத்தை யாருமே பார்க்கக்கூடாத நேரம்னு ஒண்ணு உண்டு. பனியன் கம்பெனியில உக்காந்தவங்களுக்கு இது தெரியும், மத்தவங்களுக்குச் சொல்றேன். புதுசா ஒரு மாடல் வந்தா, பீஸுக்கு என்ன ரேட்டுன்னு போடுறதுக்கு முன்னாடி கடிகாரத்தைக் கையில வெச்சுக்கிட்டு ஒருத்தன் முதுகுக்குப் பின்னாடி வந்து நிப்பான். அவன் குறிச்சுக்கிட்டுப் போற நேரந்தான் ரேட்டு, அதுதான் நாள் முழுக்க டார்கெட்டு. அவன் வந்து நின்னதும் ஹால்ல இருக்கிற அத்தனை பொம்பளைங்க கைக்கும் வாதம் வந்துரும். நூல் தானா அறுந்துக்கும். ஊசி மழுங்கிப் போயிரும். ஒருத்திக்கு இருமல், ஒருத்திக்குக் கண்ணுல தூசி. இதைப் போய்த் திருட்டுத்தனம்னு சொல்ற மகராசங்க ஒரே ஒரு மாசம் அந்த மெஷின்ல குத்த வெச்சு உக்காந்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம். புதுசா வர்ற பிள்ளைங்க தெரியாம விறுவிறுன்னு ஓட்டுனா, தொடையில கிள்ளி நிறுத்துறதே முத்துப்பேச்சிதான்.

அப்பேர்ப்பட்டவளைத்தான் மொதலாளி அருள்செல்வன் கவுத்தாரு.

அந்த மனுசனைக் கெட்டவர்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயிற முடியாது, அதுதான் வயித்தெரிச்சல். கட்டிங் டேபிள்ல நின்னு மேல வந்தவரு. ஆயுத பூசைக்குத் தரையில உக்காந்து எல்லாரோடயும் சாப்பிடுவாரு. முத்துப்பேச்சி மகளுக்கு டெங்கு வந்தப்ப சொந்தக் காரைக் குடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெச்சாரு. ஒரு தடவைகூட யாரையும் 'வா, போ'ன்னு பேசினதில்லை. வேற கம்பெனிக்காரங்க அதிகக் காசு தர்றேன்னு கூப்பிட்டப்பல்லாம், "உப்புத் தின்ன வீடு"ன்னு சொல்லிட்டு முத்துப்பேச்சி அங்கேயே கிடந்தா.

அப்புறம் அமெரிக்கா நம்ம சரக்குக்கு வரியை ஏத்திப் போட்ட வருசம் வந்துச்சு. எங்கேயோ ஒரு மேசையில எவனோ கையெழுத்துப் போடுறான், இங்க பாதி கம்பெனியில மெஷின் சத்தம் நின்னு போகுது. வரி போட்டா பனியனை வாங்கி உடுத்துறவன்தானே கூடக் குடுக்கணும்? அங்கதான் இருக்கு சூட்சுமம். கடையில தொங்குற பனியன் விலையை அமெரிக்காக் கடைக்காரங்க ஏத்த மாட்டாங்க. அது சாமி சிலை மாதிரி, அசையாது. தைக்கிறவளைத்தான் மாத்துவாங்க. இவளைவிட இல்லாதப்பட்டவ எந்த நாட்டுல இருக்கான்னு பூமியையே சல்லடை போட்டுச் சலிப்பாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அருள்செல்வன் முத்துப்பேச்சி வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. லைன் வீடு. சாயப்பட்டறையில வேலை பார்க்கிற அவ புருசன் காசிமாயன், மடிச்சுக் கட்டின கைலியை அவுத்து விட்டுக்கிட்டு எந்திரிச்சான். இவ பிளாஸ்டிக் சேரை முந்தானையால துடைச்சுப் போட்டா.

"ஏனுங்க, ஒரு டீ கிடைக்குமுங்களா?"ன்னு சிரிச்சுக்கிட்டே உக்காந்தாரு.

"சொல்லி விட்டிருந்தா நானே வந்திருப்பேன்ல மொதலாளி. இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக!"

டீயைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் மகள் படிப்பை விசாரிச்சாரு. அப்புறம் மெதுவா ஆரம்பிச்சாரு. "நம்ம சரக்கு வாங்கற பையர் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டானுங்க. உங்க ஆளுங்க கை மெதுவு, அதனாலதான் உங்க வெலை கட்டுபடியாகலைன்னு. எனக்குச் சோறே எறங்கலீங்க. நம்ம ஆளுங்களைப் போயி மெதுவுன்னு சொல்லலாமுங்களா? உங்க கையை ஒருக்கா அவன் பாத்துட்டா வாயை மூடிக்குவான். ஒரு வீடியோ எடுத்துக்கறமுங்க. மொகங்கூட வேண்டாம், கை மட்டும் போதும்."

முத்துப்பேச்சி காலி டம்ளரை எடுத்துக் கீழ வெச்சா. "அதைக் காட்டியே ரேட்டைக் கொறைச்சுப்புடுவாக மொதலாளி. பிள்ளைக என்னைய உசுரோட விடாதுக."

"சிவன்மலை ஆண்டவர் சத்தியமுங்க. ரேட்டுல கை வெக்க மாட்டன். ஒரு ஆளைக்கூட நிறுத்த மாட்டன். நீங்க நம்ம ஊட்டுப்புள்ளைங்க. உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டு நா எந்த மூஞ்சியை வெச்சுட்டு மலை ஏறறது?"

சாமி மேல சத்தியம் பண்ணின மனுசன்கிட்ட அதுக்கு மேல என்ன கேக்க? சரின்னுட்டா. அவரு போனதும் காசிமாயன், "ஏண்டி, மொதலாளியே வீடு தேடி வாராருன்னா விசயம் பெருசுடி, யோசிச்சுக்க"ன்னான். "நீ சும்மா கெட"ன்னு அவன் வாயை அடைச்சா.

மறுநாள் சோத்துநேரத்துல கருப்பாத்தாகிட்ட மட்டும் சொன்னா. கருப்பாத்தா குன்னத்தூர்க்காரி, பக்கத்து மெஷின், ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. ஒருத்தி குழம்பை ஒருத்தி ஊத்தித் தின்னு வளந்த சிநேகிதம்.

"உனக்குப் புத்தி கித்திப் பெரண்டு போச்சா புள்ள? டைம் பாக்கறவன் கண்ணுல காட்டாத கையைக் கேமராவுல காட்டறங்கிற?"

"மொதலாளி சத்தியம் பண்ணியிருக்காருடி."

"அவரு சாமிகிட்டத்தான பண்ணுனாரு. நம்மகிட்ட இல்லியே."

"யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நான் பொறுப்பு"ன்னா முத்துப்பேச்சி. இந்த வார்த்தையை அவ பேட்ச்ல இருந்த மத்த பொம்பளைங்ககிட்டயும் சொன்னா. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஒத்துக்கிட்டது மொதலாளியை நம்பி இல்லை, இவளை நம்பி.

வீடியோ எடுத்த அன்னைக்கு அவளைப் புது மெஷின்ல உக்கார வெச்சாங்க. புது ஊசி. இந்தப் பக்கம் ஒருத்தி பனியன் கழுத்தை விரிச்சு விரிச்சு நீட்ட, அந்தப் பக்கம் ஒருத்தி தைச்சதை வாங்கிக்க, முத்துப்பேச்சிக்குக் குனிய வேண்டியதில்லை, கட்டுப் பிரிக்க வேண்டியதில்லை, நூல் நறுக்க வேண்டியதில்லை. ஒரு சினிமாப் பாட்டு ஓடுற நேரந்தான் தைச்சா. ஆனா என்னமாத் தைச்சா! இத்தனை வருசமா அடக்கி வெச்ச கை, கயித்தை அவுத்து விட்ட காங்கேயம் காளை கணக்கா ஓடுச்சு. அவளுக்கே உள்ளுக்குள்ள அப்படி ஒரு சந்தோசம். பொய் சொல்லக்கூடாது, அந்த நேரத்துல ரேட்டு, பேட்ச்சு, கருப்பாத்தா எதுவுமே அவ நெனப்புல இல்லை. தன் கையைத் தானே பார்த்து மலைச்சுப் போயி உக்காந்திருந்தா. அருள்செல்வன் கையெடுத்துக் கும்பிட்டாரு. ஒரு மைசூர்பாக் டப்பா குடுத்தாரு.

நுணல் தன் வாயால கெடும்னு சொல்லுவாங்க. இவ கையால கெட்டா.

கொஞ்ச நாள் வேலை வந்துச்சு. அப்புறம் டார்கெட் ஏறுச்சு. கேட்டா, "பையர் வீடியோ பாத்துட்டானுங்களே"ன்னாரு. அப்புறம் பீஸ் ரேட்டு இறங்குச்சு. கேட்டா, "நா கொறைக்கலீங்க, அவன் கொறைச்சான்"னாரு. வேலைய விட்டுப் போறவங்க போகலாம், ஆப்பிரிக்காவுல எத்தியோப்பியான்னு ஒரு நாடு இருக்குது, அங்க இதுல கால்வாசிக்குத் தைக்கக் காத்துக் கிடக்கறாங்கன்னு மேனேஜர் ஹால்ல நின்னு சத்தம் போட்டான். கடைசியில ஒரு சம்பள நாள் அன்னைக்கு முத்துப்பேச்சி பேட்சையே நிறுத்தினாங்க. அவளைத் தவிர. அவளை மட்டும் மேல் மாடியில சாம்பிள் தைக்க வெச்சுக்கிட்டாரு அருள்செல்வன்.

"எத்தியோப்பியாவுல ஒரு கம்பெனி போட்டிருக்கறனுங்க. அங்கிருந்து அனுப்புனா வரி கம்மி. அது ஒருக்கா நிமிந்து நின்னுட்டா, அந்த லாபத்தை வெச்சு நம்ம ஆளுங்க அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டுக்கலாம். உங்களை எதுக்கு நிறுத்தி வெச்சிருக்கறன்? அதுக்குத்தானுங்களே."

அதையும் நம்புனா. நம்பாம என்ன செய்ய? அந்தப் பொம்பளைங்களை மறுபடி மெஷின்ல உக்கார வெச்சுட்டாப் போதும், தான் குடுத்த வார்த்தை பிழைச்சுக்கும்னு அதையே கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. வேற எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கலை.

கருப்பாத்தா தோட்டத்துல வெங்காயம் எடுக்கப் போயிட்டிருந்தா. ஒரு நாள் சந்தையில எதிர்ல வந்தா. பார்த்தும் பாக்காத மாதிரி போகப் போனவளைக் கையைப் பிடிச்சு நிறுத்தினா முத்துப்பேச்சி.

"ஏசிட்டாவது போடி. பேசாமப் போகாத."

கருப்பாத்தா கையை உதறலை. நிதானமாத்தான் சொன்னா. "நீங்கெல்லாம் உசிலம்பட்டி, ராமநாதபுரம்னு பஸ்ஸேறி வந்தப்பவும் எங்க கூலி அப்படியே நின்னு போச்சு. அதுக்கு ஒரு நாளாச்சும் உன்னைய ஒரு சொல்லுச் சொல்லியிருக்கறனா? நீ வவுத்துப் பாட்டுக்கு வந்தவ. இல்லாத ஊர்ல இருந்து வந்தவ. இது அப்படி இல்ல புள்ள. இது நீயாக் காட்டிக்குடுத்தது."

"திரும்பக் கூப்பிட்டுருவாருடி. எங்கிட்டச் சொல்லியிருக்காரு."

"கூப்பிடட்டும், வாரேன்"னுட்டுக் கருப்பாத்தா பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா.

அடுத்த மாசம் அந்த எத்தியோப்பியாவுல இருந்து நாலு பொண்ணுங்க வந்து இறங்கினாங்க. அங்க தையல் லைனை மேற்பார்வை பார்க்கப் போறவங்களாம், இங்க வந்து பழகணுமாம். கழுத்துப்பட்டிக்கு முத்துப்பேச்சிதான் வாத்தியாரு. "நீங்க நல்லாச் சொல்லிக் குடுத்தாத்தானுங்க அங்க சீக்கிரம் நிமிரும்"னாரு அருள்செல்வன். நிமிந்தாத்தானே கருப்பாத்தா வருவா? சரின்னு மேல் மாடியில மெஷினைத் துடைச்சு வெச்சுக் காத்திருந்தா.

அந்த நாலு பேர்ல முத்துப்பேச்சிகிட்டப் பழக வந்தவ பேரு செலாம். முத்துப்பேச்சி மகளைவிட நாலஞ்சு வயசு மூப்பு இருக்கும். ஒல்லிக்குச்சி. நெத்தியில சின்னதா ஒரு சிலுவை பச்சை குத்தியிருந்தா. பாஷை தெரியாது, அதனால போன்ல ஒரு ஆப்பு. இவ தமிழ்ல பேசினா அது அவ பாஷையில சொல்லும். அவ பேசினா ஒரு பொம்பளைக் குரல் புஸ்தகத் தமிழ்ல நமக்குச் சொல்லும். "சாப்பிட்டியா தாயி?"ன்னு கேட்டா முத்துப்பேச்சி. போன் கேட்டுச் சொன்னதும் அந்தப் பிள்ளை வெக்கமாத் தலையாட்டுச்சு.

முத்துப்பேச்சி மெஷின்ல உக்காந்து, சேலையை ஒதுக்கிக்கிட்டு, பட்டியை எடுத்துப் பனியன் கழுத்துல வெச்சா. அவ இடது மணிக்கட்டுல சின்ன வயசுல பச்சை குத்தின தேள் உருவம் ஒண்ணு இருக்கும். செலாம் அதைப் பார்த்துச்சு. குனிஞ்சு ரெண்டாந்தடவை பார்த்துச்சு. பட்டுன்னு எந்திரிச்சு, ஸ்டூல் கீழ விழ, சுவர் ஓரமாப் போயி நின்னுக்கிச்சு. பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு முத்துப்பேச்சி பதறிப் போனா. அது போனை வாய்கிட்ட வெச்சு ஏதோ சொல்லுச்சு.

"நீங்கள்தான் அந்தக் கைகளா?"ன்னு கேட்டுச்சு போன்.

ஒரு நிமிசம் முத்துப்பேச்சிக்குப் பெருமைதான். கடல் தாண்டிப் போயிருக்கே நம்ம கை! "ஆமா தாயி, என் கைதான். எங்க பாத்த?"

செலாம் பேசப் பேச, போன் ஏத்த இறக்கமே இல்லாம வாசிச்சுக்கிட்டே வந்துச்சு. "எங்கள் கம்பெனிச் சுவரில் பெரிய திரை இருக்கிறது. காலையில் நாங்கள் வரும்போது இந்தக் கைகள் அதில் தைத்துக்கொண்டிருக்கும். மாலையில் நாங்கள் போகும்போதும் தைத்துக்கொண்டிருக்கும். அவை நிற்பதே இல்லை. இந்தியாவில் உங்களைவிட ஏழையான ஒரு பெண் நாள் முழுவதும் இப்படித் தைக்கிறாள், உங்களுக்கு என்ன கேடு என்று கேட்பார்கள். இந்தக் கைகளை எட்டிப் பிடிக்காதவர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். என் தங்கையை அனுப்பிவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் இந்தக் கைகளை வெறுக்கிறோம். மன்னிக்கவும்."

முத்துப்பேச்சிக்கு விளங்கிப் போச்சு. ஒரு பாட்டு நேரம் தைச்சதைத் தலையையும் வாலையும் ஒட்டி, நிக்காம ஓட விட்டிருக்காங்க. தண்ணி குடிக்காத கை. கக்கூசுக்குப் போகாத கை. கட்டுப் பிரிக்காத, நூல் மாத்தாத, ஒரு தடவைகூட மடியில சும்மா கிடக்காத கை. அட படுபாவிகளா! அவளாலயே அந்தக் கையை எட்டிப் பிடிக்க முடியாதே. உனக்கு மாசத்துக்கு என்ன தருவாகன்னு கேட்டா. செலாம் சொன்ன கணக்கு இவளுக்கு ஒரு வாரக் கூலிக்குக் காணும், அவ்வளவுதான். செலாம் ஊர்க்காரங்க இல்லாதப்பட்டவங்கன்னு இங்க சொல்லிப் பயமுறுத்தியிருக்காங்க. முத்துப்பேச்சி இல்லாதப்பட்டவன்னு அங்க சொல்லிப் பயமுறுத்தியிருக்காங்க. நடுவுல ஒரு பனியன், விலை ஏறாத பனியன்.

அந்த நேரம் பார்த்து அருள்செல்வன் படியேறி வந்தாரு. "எப்படீங்க, புள்ள நல்லாப் புடிச்சுக்குதுங்களா?"

முத்துப்பேச்சி எந்திரிக்கலை. "மொதலாளி, அந்த வீடியோவுல நான் ஒரு பாட்டு நேரந்தான் தைச்சேன். ரெண்டு பேரு கூட நின்னு எடுத்துக் குடுத்தாக. அதை அங்க சொன்னீகளா?"

அவரு முகம் மாறலை. அதே சிரிப்பு. "அதெல்லாம் அவங்க கேக்கலீங்களே."

"கேக்கலையா?"

"நானு மட்டும் சொகமாவா இருக்கறனுங்க? பையர் ஒரு காசு ஏத்த மாட்டீங்கறான். வரி ஒருத்தன் போடறான், வெலை ஒருத்தன் போடறான். நடுவுல நா ஒருத்தன் எத்தனையத் தாங்கறதுங்க? ஏதோ ஒண்ணு காட்டித்தான ஓட்டோணும்."

"சரி, அது கெடக்கட்டும். கருப்பாத்தா பேட்சை எப்பக் கூப்பிடப் போறீக?" இது ஒண்ணு மட்டும் மிச்சம் இருந்தாலும் போதும்னு பார்த்தா.

"அதைச் சொல்லலாம்னுதானுங்க வந்தேன்"னு பக்கத்து மெஷின் மேல சாஞ்சுக்கிட்டாரு. "கீழ் ஹால் மெஷினெல்லாம் அடுத்த வாரம் கன்டெய்னர்ல ஏறுதுங்க. இங்க இனிக் கட்டாது. உங்களை நா விடுவனுங்களா? நீங்களும் கூடப் போங்க. மூணு மடங்குச் சம்பளம், இருக்க ரூம், வருசத்துக்கு ஒருக்கா ஊருக்கு டிக்கெட். நம்ம ஊட்டுப்புள்ளைக்குச் செய்யாம வேற ஆருக்குச் செய்யப் போறேன்?"

வீட்டு வாசல்ல உக்காந்து டீ குடிச்ச அன்னைக்கே இந்த மனுசனுக்கு இதெல்லாம் தெரியும். அது அவளுக்கு இப்பத்தான் புரிஞ்சுச்சு. நம்புன மனுசன் கழுத்தை அறுக்கிறப்போ வலியைவிட வெக்கந்தான் முன்னாடி வருது. இத்தனை பேரு சொல்லியும் கேக்காம நாமதானே கழுத்தை நீட்டினோம்னு.

செலாம் கையில இருந்த போனை வாங்கினா. அவரு முன்னாடியே, ஒவ்வொரு சொல்லா நிறுத்திப் பேசினா. "தாயி, அந்தக் கை பொய்யி. ஒரு பாட்டு நேரந்தான் நான் தைச்சேன். அதையத்தான் நாளெல்லாம் ஓட விட்டிருக்காக. அந்த வேகத்துல நாள் பூராத் தைக்க என்னால முடியாது, ஒருத்தராலயும் முடியாது. உங்க ஊர்ல எல்லார்ட்டயும் போய்ச் சொல்லு. என் பேரு முத்துப்பேச்சி. அவளே சொன்னான்னு சொல்லு."

"என்னங்க பேசறீங்க நீங்க?" அருள்செல்வன் சாஞ்சிருந்தவரு நிமிந்தாரு. "இத்தனை செஞ்சதுக்கு இதுதானுங்களா? நன்றின்னு ஒண்ணு வேண்டாமுங்களா?"

"நாளையில இருந்து நான் வரலை மொதலாளி. உங்க டிக்கெட்டை நீங்களே வச்சுக்கங்க."

போன் அந்தப் பிள்ளை பாஷையில எல்லாத்தையும் சொல்லி முடிச்சுச்சு. செலாம் மறுபடி ஒரு தடவை ஓட விட்டுக் கேட்டுச்சு. அதுக்கு சந்தோசம் வரும்னு முத்துப்பேச்சி நெனச்சா. கட்டிப் பிடிச்சு அழும், நம்மளை மன்னிச்சுரும்னு நெனச்சா. அது அப்படியே சுவத்துல சாஞ்சு நின்னு, கண்ணைக்கூடச் சிமிட்டாம இவ கையையே பார்த்துச்சு. அப்புறம் போனை வாங்கி ஒரே ஒரு வரி சொல்லுச்சு.

"அப்படியென்றால் என் தங்கையை ஏன் அனுப்பினார்கள்?"

"சொல்லுங்க மொதலாளி"ன்னா முத்துப்பேச்சி. "பிள்ளை கேக்குதுல்ல. பதில் சொல்லுங்க."

"ஷிப்பிங் ஆபீஸ்ல இருந்து கூப்பிடறாங்க, வந்தர்றனுங்க"ன்னு போனைக் காதுல வெச்சுக்கிட்டு அருள்செல்வன் படியிறங்கிப் போனாரு.

செலாம் இப்ப இவ கையை விட்டுட்டு முகத்தைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. முத்துப்பேச்சி எந்திரிச்சு, விழுந்து கிடந்த ஸ்டூலை நிமித்திப் போட்டு, "உன் தங்கச்சி பேரு என்ன தாயி?"ன்னு போன்ல கேட்டா.